கோஸ் தீவின் சாடியும் முசிறியின் தோணியும்

கிரேக்கத் தீவுகளுக்குச் சுற்றுலா போய்வருவது இப்போது நம்மவர் வீடுகளிலும் பேசப்படும் காரியமாகிவிட்டது. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு அங்கே போய், நீலக் கடல், வெள்ளைச் சுவர், திராட்சைத் தோட்டம், இடிந்த கோயில் என்று படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்புகிறார்கள். பார்க்க மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் விசா, விமானக் கட்டணம், விடுதிச் செலவு என்று கணக்குப் போட்டால், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் நம்மில் பலருக்கு அது எட்டாக் கனிதான்.

அன்பர்களே, கவலை வேண்டாம். அந்தத் தீவுகளின் பெயர்பெற்ற சரக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கப்பலேறி நம் பக்கம் வந்திருக்கிறது. அது வந்து இறங்கிய துறையாகக் கருதப்படும் இடம் திருவனந்தபுரத்திலிருந்து நாலைந்து மணி நேர ரயில் பயணத் தூரத்தில் இருக்கிறது. சரக்கு எப்படி வந்தது, வந்ததற்கு என்ன சாட்சி, அங்கே போனால் எதைப் பார்க்கலாம், இதற்கும் நம் பிள்ளைகள் தமிழ் படிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்பவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோஸ் என்னும் தீவு

மத்தியதரைக் கடலின் ஒரு பகுதி ஏஜியன் கடல். அதில் துருக்கிக் கரையை ஒட்டினாற்போல் இருக்கிறது கோஸ் தீவு. இன்று அது கிரேக்க நாட்டைச் சேர்ந்தது. மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹிப்பாக்ரடீஸ் கி.மு. 460 வாக்கில் இத்தீவில்தான் பிறந்தார். மருத்துவக் கடவுளான அஸ்கிளீபியஸுக்கு மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய கோயிலின் இடிபாடுகளை இப்போதும் பயணிகள் ஏறிப் பார்க்கிறார்கள். அக்காலத்தில் இத்தீவு மூன்றுக்குப் பேர்போனது: மருத்துவம், உடல் தெரியும் அளவுக்கு மெல்லிய துணி, திராட்சை மது.

மதுவைப் பற்றி எழுதுகிறாரே என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். உள்ளே இருந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது. நமக்கு வேண்டியது சாடி மட்டும்தான்.

ஆனாலும் அந்த மதுவின் விசேஷம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோஸ் தீவார் மதுவில் கடல்நீரைக் கலப்பார்கள். ஓர் அடிமை, தான் திருடியதை மறைக்க, குறைந்த அளவைக் கடல்நீர் ஊற்றி நிரப்பினான் என்றும், அதிலிருந்தே இந்த வழக்கம் வந்தது என்றும் ரோமானிய நூலாசிரியர் பிளினி எழுதியிருக்கிறார். பாலில் தண்ணீர் கலந்தவனை நாம் திட்டுகிறோம். அங்கே அந்தக் கலப்படமே ஊர்ப்பெயர் பெற்ற சரக்காகிவிட்டது! இத்தாலியிலேயே கோஸ் மதுவைப் போல் தயாரிப்பது எப்படி என்று கேட்டோ என்பவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செய்முறையே எழுதி வைத்தார். அவ்வளவு மவுசு.

சாடியின் அமைப்பு

இந்த மது ஊர் விட்டு ஊர் போனது ஆம்போரா என்னும் மண்சாடிகளில். ஒடுங்கிய கழுத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி, நீண்ட வயிறு, அடியில் கூர்முனை. உள்பக்கம் மது கசியாமலிருக்க மரப்பிசின் பூசுவார்கள். கூர்முனை எதற்கு என்று பலரும் கேட்பதுண்டு. வீட்டுத் தரையில் நிற்க வைப்பதற்காகச் செய்த பாத்திரமில்லை அது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றின் தோள்களுக்கிடையே மற்றொன்றின் முனை இறங்கும்படி அடுக்கினால், இடம் வீணாகாது, அலையில் உருளாது. கவிழ்த்து ஊற்றும்போது அந்த முனையே மூன்றாவது கைப்பிடியாகும். தட்டையான அடிப்பாகமும் அதன் விளிம்பும்தான் மண்பாண்டத்தில் எளிதில் விரிசல் விடும் இடம். கூர்முனையில் அந்தப் பலவீனம் கிடையாது.

ஆம்போரா என்பது சாடிக்குப் பெயர் என்பதோடு ஓர் அளவுக்கும் பெயர். ரோமானிய அளவில் ஒரு ஆம்போரா ஏறத்தாழ 26 லிட்டர். கப்பலின் கொள்ளளவையே இத்தனை ஆம்போரா என்று சொல்வார்கள். இது நமக்குப் புதிதல்ல. நம் ஊருக்குத் தெற்கே விழிஞத்தில் 2025ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை, 20 அடிப் பெட்டி எத்தனை ஏற்றும் என்று சொல்லித்தானே அளக்கிறோம்? ஒரே அளவான பெட்டியில் அடைத்தால் கணக்கிடுவதும் ஏற்றுவதும் இறக்குவதும் சுலபம் என்பது சரக்குப் போக்குவரத்தின் பால பாடம். அதை அவர்கள் மண்ணிலேயே செய்து முடித்துவிட்டார்கள்.

கோஸ் சாடிக்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டு மண் உருளைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டியது போன்ற இரட்டைக் கைப்பிடி. ஒரு துண்டு கிடைத்தாலும் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. கோஸ் மதுவுக்கு இருந்த மதிப்பைப் பார்த்து, இத்தாலியில் வெசூவியஸ் எரிமலையைச் சுற்றியுள்ள கம்பானியாப் பகுதிக் குயவர்களும் இதே வரைபடத்தில் சாடி செய்தார்கள். கைப்பிடி ஒன்றுதான், மண் வேறு. கம்பானியாச் சாடியை உடைத்துப் பார்த்தால் எரிமலைக் கருமணல் மினுங்கும். ஆகவே இரட்டைக் கைப்பிடி கண்டதும் கோஸ் என்று முடிவு கட்டாமல், மண்ணையும் பார்த்த பிறகே ஆய்வாளர்கள் ஊரைச் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தச் சாடிகளின் கதை அரிக்கமேட்டில் தொடங்கியது. 1944இல் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஆம்போராவின் கழுத்துத் துண்டைக் கண்டார். அது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்று அறிந்து 1945இல் அங்கே அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த சாடித் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கோஸ், ரோட்ஸ் தீவுகளின் சாடிகளை அடையாளம் கண்டார். மது மட்டுமின்றி ஒலிவ எண்ணெயும் மீன் குழம்புச் சாறும் வந்த சாடிகளும் அங்கே உண்டு. அது கிழக்குக் கரைக் கதை. நமக்கு அருகிலிருப்பது மேற்குக் கரை.

காற்று வகுத்த கால அட்டவணை

எகிப்திலிருந்து முசிறிக்கு வரும் வழியைப் பிளினி கி.பி. 77 வாக்கில் எழுதினார். ரயில்வே கால அட்டவணை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அப்படியே ஓர் அட்டவணையாகத் தெரிகிறது.

அலெக்சாந்திரியாவுக்கு அருகிலிருந்து நைல் நதியில் எதிர்நீச்சலாகக் காப்டஸ் ஊர்வரை படகில் 12 நாள். அங்கிருந்து ஒட்டகத்தின் மேல் பாலைவனம் கடந்து செங்கடல் துறையான பெரனிகேவுக்கு 12 நாள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில்தான் நடை. பெரனிகேயில் கப்பலேறி, செங்கடல் வாயிலிலுள்ள ஓகெலிஸ் வரை 30 நாள். அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறி. இடையில் தங்கும் நாட்களைச் சேர்க்காமல் மொத்தம் 94 நாள்.

கப்பல் புறப்படுவது ஜூலை வாக்கில். 70 நாள் கழித்து நம் கரையை அடையும்போது செப்டம்பர் பிற்பகுதி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடவப்பாதி மழை கொட்டும் ஜூன், ஜூலையில் கேரளக் கடல் எப்படி இருக்கும் என்பது இங்கே குடியிருக்கும் நமக்குத் தெரியும். இன்றும் அந்த நாட்களில் இழுவலைப் படகுகளுக்குத் தடை விதிக்கிறார்கள். காற்றின் தள்ளு வேகம் வேண்டும், ஆனால் கரை சேரும்போது கடல் அடங்கியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்த வேண்டுமானால் இந்தக் கணக்கைத் தவிர வேறு வழியில்லை. திரும்பிப் போவது டிசம்பரிலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள், வடகிழக்குக் காற்றில். அதைத் தவறவிட்டால் அடுத்த வண்டி அடுத்த ஆண்டுதான்.

படகு, ஒட்டகம், கப்பல் என்று வழியில் எத்தனை தரம் சரக்கை மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள். 1976இல் எர்ணாகுளம் – திருவனந்தபுரம் பாதை அகலப் பாதையாக மாறும் வரை, வடக்கிலிருந்து வந்த சரக்கை எர்ணாகுளத்தில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மீட்டர் கேஜ் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் நாள் போகும், கூலி போகும், உடைசல் ஆகும். ஒன்று நிறைந்தால் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும் மண்சாடியை அத்தனை இடத்தில் தூக்கி இறக்கி, உடையாமல் பெரியாற்றங்கரை வரை கொண்டுவந்தார்கள் என்றால், இங்கே கிடைக்கும் பொருளின் மதிப்பு எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!

அந்தப் பொருள் மிளகு. ரோமில் ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ் என்று பிளினி விலை சொல்கிறார். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்றும் அவர் புலம்புகிறார். வியன்னா நகரில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஏடு, முசிறிக்குப் போய்வரும் வணிகத்துக்கான கடன் பத்திரத்தைப் பற்றியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் பின்பக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு இருக்கிறது. நளதம் என்னும் வாசனை வேர், யானைத் தந்தம் முதலியவற்றின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். அன்றைய ரோமானியக் காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். வகுத்துப் பார்த்தால், ஒரே கப்பல் சரக்கு 5,800 வீரர்களின் ஓராண்டுச் சம்பளத்துக்குச் சமம். இவ்வளவுக்கும் எல்லையில் நாலில் ஒரு பங்கு சுங்க வரி வேறு.

அப்படியானால் மது எவ்வளவு வந்தது? முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்துபோன கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு வரும் சரக்குகளைப் பட்டியல் போடுகிறது. பெருமளவு நாணயம், மெல்லிய துணி, பவளம், கண்ணாடிக் கட்டி, செம்பு, தகரம், ஈயம். இவற்றோடு மதுவும் கொஞ்சம், அதிகமில்லை என்கிறது. கோதுமை கூட வந்தது, ஆனால் கப்பல்காரர்கள் சாப்பிடுவதற்கு. உள்ளூர் வணிகர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. நம் முன்னோர் சோற்றை விடவில்லை என்று தெரிகிறது! மதுவை அரசரும் இங்கே தங்கிய யவனரும் அருந்தியிருப்பார்கள். யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் அருந்தி வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்று 56ஆம் பாட்டு.

ஒரு தோணிக்கு மூன்று சாட்சிகள்

இனி, இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்தி. 94 நாள் பயணத்தின் கடைசிக் கட்டம், கப்பலிலிருந்து கரை வரையிலான அந்தச் சின்னத் தூரம். அதற்கு மூன்று சாட்சிகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை.

முதல் சாட்சி பிளினி. முசிறியில் கப்பல்கள் நிற்குமிடம் கரையிலிருந்து வெகு தூரம், சரக்கைச் சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும், பக்கத்தில் கடற்கொள்ளையர் தொல்லையும் உண்டு, ஆகவே அது அவ்வளவு வசதியான துறையல்ல என்று குறை சொல்கிறார். ரோமிலிருந்த அவர் கேட்டறிந்து எழுதினார். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது இறந்தும் போனார்.

இரண்டாவது சாட்சி புலவர் பரணர். புறநானூற்று 343ஆம் பாட்டில் அவர் காட்டும் முசிறியில், மீனைக் கொடுத்து வாங்கிய நெல் குவிந்திருக்கிறது. வீடுகளில் மிளகு மூட்டை அடுக்கியிருக்கிறது. மரக்கலங்கள் கொண்டுவந்த பொன், கழியில் ஓடும் தோணிகளில் ஏறிக் கரைக்கு வருகிறது. பிளினி எதைக் குறையாகச் சொன்னாரோ அதையே நம் புலவர் ஊரின் செழிப்பாகப் பாடுகிறார். இலத்தீனும் தமிழும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. அதனால்தான் இரண்டும் ஒத்துப்போவதற்கு மதிப்பு.

மூன்றாவது சாட்சி மண். எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பரவூருக்கு அருகே பட்டணம் என்று ஒரு சிற்றூர். அங்கே தரையில் கிடந்த பானையோடுகளையும் மணிகளையும் கண்டு, புவியியலாளர் கே.பி. ஷாஜனும், பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி. செல்வகுமாரும் 2004இல் சோதனைக் குழி தோண்டினார்கள். பிறகு நம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம், பி.ஜே. செரியன் தலைமையில் 2007 முதல் 2015 வரை ஆண்டுதோறும் அகழ்ந்தது. ஆம்போரா ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கோஸ் வகை இரட்டைக் கைப்பிடிகளும், வெசூவியஸ் கருமணல் கலந்த துண்டுகளும் அவற்றில் உண்டு. ஒரு குழியில் செங்கல் கட்டிய துறைமேடையும், படகு கட்டும் மரக் குற்றிகளும், அவற்றின் அருகே சேற்றில் புதைந்த ஒரு தோணியும் வெளிப்பட்டன. 6 மீட்டர் நீளம், ஒற்றை மரத்தில் குடைந்தது. மரம் என்ன தெரியுமா? மலையாளத்தில் ஆஞ்ஞிலி, நம் நாஞ்சில் நாட்டில் அயினி. இன்றும் கேரளத்தில் வள்ளம் செய்யத் தேடும் அதே மரம்.

பரணர் பாடிய தோணிதான் இது என்று சொல்ல வரவில்லை. அந்த வகைத் தோணி, அந்தக் காலத்தில், அந்த இடத்தில் இருந்தது என்பது நிச்சயம்.

பட்டணம்தான் முசிறியா?

எந்தக் கட்டுமானத்திலும் வரைபடத்தில் இருப்பதையும் தளத்தில் அளந்ததையும் தனித்தனியே எழுதி வைப்பது எங்கள் தொழில் பழக்கம். இங்கும் அதுவே நல்லது. பட்டணத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளோடு வாணிகம் செய்த துறை இருந்தது. இது அளந்த உண்மை. அதுவே முசிறி என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் முடிவு, ஏற்காதவர்களும் உண்டு. ஊர்ப் பெயர் எழுதிய பலகை ஒன்றும் மண்ணுக்குள்ளிருந்து வரவில்லையே! முன்பு கொடுங்கல்லூர்தான் முசிறி என்று நம்பி 1945இலும் 1960களிலும் அங்கே அகழ்ந்தார்கள். சங்க காலத்தைச் சேர்ந்த எதுவும் கிடைக்கவில்லை. பெரிப்ளஸ், முசிறி கடலிலிருந்து ஆற்றுவழி 20 ஸ்டேடியம் உள்ளே என்கிறது. அது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். பட்டணத்திலிருந்து இன்றைய கடற்கரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர். பார்க்கப் பொருத்தம்தான். ஆனால் 2,000 ஆண்டில் பெரியாறும் கடற்கரையும் இடம் மாறியிருப்பதால், இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. 45 ஹெக்டேர் பரப்புள்ள மேட்டில் அகழ்ந்தது ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம்மவர்களும் போனார்கள்

சாடி வந்த கதையை மட்டும் சொன்னால், யவனன் வருவான் என்று நம்மவர்கள் கரையில் உட்கார்ந்திருந்ததாக எண்ணத் தோன்றும். அது சரியல்ல. பெரனிகேயில், செராபிஸ் கோயிலை ஒட்டிய இடத்தில், இந்தியாவில் செய்த பெரிய பானை ஒன்றில் 7.5 கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. அதே ஊரில் தமிழ் பிராமி எழுத்தில் கொற்ற என்று தொடங்கும் பெயர் கீறிய ஓடு கிடைத்தது. செங்கடலின் இன்னொரு துறையான குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி' என்று இரண்டு தரம் எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தார். உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள். நாம் இன்றும் கிருஷ்ண ஜெயந்திக்கு அடிக்கிறோமே, அந்த உறிதான். எகிப்துப் பாலைவனத்தில் ஒருவர் தன் பானையில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். வெளியூர் போய்ப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களின் வரிசையில் நாம் முதல் ஆள் இல்லை.

பட்டணத்திலும் தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் உண்டு. 2011இல் செய்தியான ஓர் ஓட்டில் 'அமண' என்ற எழுத்துகளை மகாதேவன் படித்து, சமணரைக் குறிக்கும் சொல் என்றார்.

எப்படிப் போவது? எதைப் பார்ப்பது?

நம் ஊரிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஆலுவாவில் இறங்கினால், வடக்குப் பரவூருக்குப் பேருந்து கிடைக்கும். போகும் வழியில் வர்க்கலை வரும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெரிப்ளஸ் குறிப்பிடும் செம்மலை இங்குள்ள செம்மண் குன்றுதான் என்று கருதுவோர் பலர். அதையடுத்து வரும் பலித்தா என்ற நல்ல துறையை விழிஞம் என்பாரும் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் விழிஞத்தில் அகழ்ந்தபோது மேற்கு ஆசியச் சாடி ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆக, புதிய துறைமுகம் வந்திருப்பதும் பழைய துறையில்தான்.

பட்டணத்தில் தூணும் கோபுரமும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அகழ்ந்த இடங்கள் வீட்டுத் தோட்டங்கள். ஆய்வு முடிந்ததும் குழியை மண்ணிட்டு மூடுவதே முறை. தென்னையும் வாழையும் குடியிருப்புமாகத்தான் ஊர் இருக்கும். ஒரு துறைமுகம் நம் காலடியில் எவ்வளவு அமைதியாகப் படுத்திருக்கிறது என்பதைப் பார்ப்பதே அங்கே காட்சி. பிறர் வீட்டு வளவுக்குள் நுழையும்போது அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே கிடக்கும் ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. ஒவ்வோர் ஓடும் அது கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் சாட்சி, வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் ஓடு.

பக்கத்தில் பார்க்க வேண்டியவை ஏராளம். பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் பழைய யூதர் கோயில்கள் உள்ளன. சேந்தமங்கலத்தில் கொச்சி அரசின் அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன்களின் மாளிகை அருங்காட்சியகமாக இருக்கிறது. கேரள அரசின் முசிறிப் பாரம்பரியத் திட்டத்தில் இவற்றைச் செப்பனிட்டு, நீர்வழியே படகில் இணைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டாகையால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆற்றைக் கடந்தால் கொடுங்கல்லூர். பகவதி கோயில், சேரமான் ஜும்மா மசூதி, இவற்றோடு நம்மவர்கள் தவறவிடக் கூடாத திருவஞ்சைக்களம். மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே சிவத்தலம் அது. சுந்தரரும் சேரமான் பெருமாள் நாயனாரும் கயிலை சென்றது இத்தலத்திலிருந்து என்பது பெரியபுராண மரபு. ஒரு நாளில் எல்லாம் முடியாது. ஓர் இரவு தங்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

கையிலிருக்கும் திறவுகோல்

கடைசியாக நம் வீட்டு விஷயம். இங்கே நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. பள்ளியில் மலையாளமும் இந்தியும் இருக்கின்றன. மதிப்பெண் தராத மொழியை எதற்குப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், நமக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. ஊர்ப் பெருமையைச் சொன்னால் அவர்களுக்கு அது போதவில்லை.

முசிறி ஒரு பதில் தருகிறது. இந்தக் கேரள மண்ணின் மிகப் பழைய துறைமுகத்தைப் பற்றி, அதே காலத்தில், இந்த மண்ணின் மொழியிலேயே எழுதிய சாட்சி சங்கப் பாட்டு மட்டும்தான். சுள்ளி என்னும் பேரியாற்றில் யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்று 149ஆம் பாட்டில் சொல்கிறார். கேரள வரலாற்றை எழுத வருகிறவர் யாராக இருந்தாலும் இந்தப் பாட்டுகளிடம் வந்தாக வேண்டும். மலையாளம் தனி மொழியாக வளர்வதற்கு முற்பட்ட காலம் அது. ஆகவே முசிறி தமிழருடையதா மலையாளிகளுடையதா என்ற வழக்கு வேண்டாம். இருவருக்கும் பாட்டன் சொத்து. பத்திரம் மட்டும் தமிழில் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஊரில் விருந்தாளி என்ற கூச்சம் வராது, வீட்டுக்காரன் என்ற வீம்பும் வராது.

ஆதலால் நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. அடுத்த ஆண்டுச் சுற்றுலாவை, ஓணம் விடுமுறையை ஒட்டிப் பட்டணத்துக்கும் திருவஞ்சைக்களத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்த பருவமும் ஏறத்தாழ அதுதான். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்து, புறநானூற்று 343ஆம் பாட்டையும் அகநானூற்று 149ஆம் பாட்டையும் உரையோடு படிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். அருஞ்சொற்கள் பயமுறுத்தும். ஆனால் மீன், நெல், தோணி, கழி, பொன் என்று இன்றும் நாம் பேசும் சொற்கள் அவற்றில் எத்தனை என்று எண்ணச் சொன்னால் பயம் தெளிந்துவிடும். பிறகு அந்தக் கழிக்கரையில் நின்று, பாட்டை ஒரு பிள்ளை உரக்க வாசிக்கட்டும். பொருளை மற்றொரு பிள்ளை அவ்வூர் நண்பர்களுக்கு மலையாளத்தில் சொல்லட்டும். இரண்டு மொழியும் தெரிந்த நம் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை அது.

விருப்பமுள்ள குடும்பங்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். ரயில் முன்பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன்.